வீட்டில் பூசும் நெயில் பாலிஷ் ஏன் இரண்டே நாளில் பெயர்கிறது?

வீட்டிலேயே பூசிக்கொள்ளும் நெயில் பாலிஷ் ஒரு வாரமாவது பெயராமல் நிற்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிழை பாலிஷில் இல்லை. பூசுவதற்கு முன் விரல்களை வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. நகம் நீரை உறிஞ்சிச் சற்றே விரிகிறது. அந்த ஈரத்தோடு பூசினால், பின்னர் நகம் உலர்ந்து சுருங்கும்போது, மேலே இறுகிவிட்ட பாலிஷின் நைட்ரோசெல்லுலோஸ் (உலர்ந்ததும் படலமாகும் பொருள்) படலம் கூடவே சுருங்க முடியாமல் விரிசல் விடுகிறது.

ஆகவே உலர்ந்த நகத்தை அரத்தால் சீராக்கி, எண்ணெய்ப் பசை போக அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகு (தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு உட்காருவோர் இதை மறக்கவே கூடாது) நிறத்துக்கு அடியில் இடும் பேஸ் கோட்டைப் பூசுங்கள். அடுத்து நிறத்தை, முதல் பூச்சில் நகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, சில நிமிட இடைவெளியில் 2 முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் தூரிகையை நகத்தின் நுனி விளிம்பின் மீதும் ஓர் இழுப்பு இழுத்துவிடுங்கள்; பெயர்வது அங்கேதான் தொடங்குகிறது. நிறத்தின் மேல் கடைசியாகப் பூசும் டாப் கோட்டுக்கும் இதே முறைதான். தொட்டால் ஒட்டாவிட்டாலும் உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகப் பல மணி நேரம் ஆகும் என்பதால், இரவில் பாத்திரம் கழுவி, கை நன்றாக உலர்ந்த பின் பூசுவது நல்லது. மூன்றாம் நாள் டாப் கோட்டை மட்டும் மீண்டும் ஒருமுறை பூசிக்கொள்ளலாம்.