சத்து மாத்திரை பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்கு உதவுமா?

கர்ப்பத்திலும் மழலைப் பருவத்திலும் கொடுக்கும் நுண்சத்து (வைட்டமின், இரும்புச்சத்து போன்றவை), பள்ளி வயதில் பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும், ஆனால் காலம் முக்கியம்.

கருவின் நரம்புக்குழாய் (மூளையும் தண்டுவடமும் உருவாகும் பகுதி) கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும்; பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. அதனால்தான் ஃபோலிக் அமிலத்தை (தினம் 400 மைக்ரோகிராம்) முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள்.

நேபாளத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் பிள்ளைகள் 7–9 வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அதையே பிறந்து ஓராண்டு கழித்துப் பிள்ளைக்குக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் தென்படவில்லை.

இந்தோனேசிய ஆய்வில், தாய் கர்ப்பத்தில் சாப்பிட்ட பல நுண்சத்துகள் சேர்ந்த மாத்திரையின் பலன் பிள்ளையிடம் 9–12 வயதிலும் தெரிந்தது. வீட்டுச் சூழலுக்கும் தாயின் மனநலத்துக்கும் அதைவிடப் பெரிய பங்கு இருந்தது. ஆகவே மாத்திரையோடு தாயையும் கவனியுங்கள். பிள்ளையோடு நிறையப் பேசுங்கள்.