ஐந்து வயதுக் குழந்தையைக் கச்சேரிக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 8 வயது. இருவருக்கும் செவ்வியல் இசையில் ஈடுபாடு வரவேண்டும் என்று நினைத்து, ஆறு மணிக்குத் தொடங்கிய ஒரு கச்சேரிக்கு ஏழு மணியளவில் அழைத்துச் சென்றோம். கால் மணி நேரத்தில் மகள் அழத் தொடங்கினாள். மகன் வீட்டுக்குப் போகலாம் என்று அடம்பிடித்தான். எந்த வயதில், எப்படித் தொடங்குவது? பள்ளியில் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. பாடகர் அன்றைய பிரதான ராகத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக விரிக்கத் தொடங்கும் நேரத்தில், பெரியவர்களுக்கே பழக்கம் தேவைப்படுகிற அந்த இடத்தில், குழந்தைகளைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறீர்கள். அழுகைக்கு இசை காரணமன்று, நீங்கள் போன நேரம்தான் காரணம். நான் இசைக் கலைஞர் இல்லை. சிறு வயதில் தொடக்கப் பாடமான கீதம் வரை கற்று, அதற்கு மேல் வரும் வர்ணம் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டவள். ஆனால் இந்தப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 29 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்ததில், குழந்தைகள் எப்போது காதைக் கொடுக்கிறார்கள், எப்போது மூடிக்கொள்கிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது என் பேத்தியிடமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கச்சேரியின் மூன்று மணி நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இன்று மேடைகளில் நாம் கேட்கும் வரிசையை நிலைபெறச் செய்தவர், உங்கள் வீட்டிலிருந்து நகரப் பேருந்தில் போய்வரக்கூடிய அரியக்குடியில் 1890-இல் பிறந்த இராமானுஜ ஐயங்கார். முதலில் ஒரு வர்ணம், அதன்பின் விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் ஆலாபனை (சொல்லின்றி ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), கற்பனை ஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதே கோத்துப் பாடுவது) என விரியும் பெரிய உருப்படி, அதைத் தொடர்ந்து மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடா எனப்படும் சிறு பாடல்கள், கடைசியில் மங்களம் என்று போகும் இந்த வரிசையைக் குழந்தைகளுக்கான நேர அட்டவணையாகவே வைத்துக்கொள்ளலாம். மகளை முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் அழைத்துப் போங்கள். வர்ணத்தின் ஓட்டமும் முதல் இரண்டு கீர்த்தனைகளின் துடிப்பும் அவளுக்குப் போதும். வாசலோரம் உட்கார்ந்து, பாட்டு முடிந்து கைதட்டும்போது எழுந்து வந்துவிடுங்கள். வந்ததற்கு முழுவதும் கேட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும், தோன்றினாலும் எழுந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்ற நிலையில் அவள் வெளியே வந்தால்தான் அடுத்த முறை தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள்.

மகனுக்கு வேறு நேரம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பெரியவர்கள் பலர் காப்பி குடிக்க எழுந்து போவது நம் சபைகளின் பழைய வழக்கம். மேடையில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு மனக்கசப்பைத் தரும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். முன் வரிசையில் காலியாகும் அந்த இருக்கைகள் எட்டு வயதுக்காரர்களுக்கு உரியவை என்பது என் எண்ணம். விரல் எங்கே விழுகிறது, எந்த அடிக்கு எந்த ஒலி எழுகிறது, மிருதங்கக்காரர் வாசித்ததைக் கடம் என்னும் மண்பானையை வாசிப்பவர் எப்படித் திருப்பித் தருகிறார் என்று அனைத்தையும் கண்ணால் பார்க்க முடியும் என்பதால், ராகம் பிடிபடாத குழந்தைக்குக்கூட லயம், அதாவது தாளத்தின் ஓட்டம், பிடிபட்டுவிடும். முதல் நாள் வீட்டிலேயே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை, ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும் என்று போடக் கற்றுக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். நாம் போடும் எட்டும் மேடையில் ஓடும் எட்டும் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன என்பதைக் கண்டுபிடிக்கும் குழந்தையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் இதைக் கணக்குப் பாடத்தோடு சேர்த்துச் செய்தேன். தகதிமி என்றால் நான்கு, தகிட என்றால் மூன்று, தகதகிட என்றால் ஐந்து, தக என்றால் இரண்டு. எட்டை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று கரும்பலகையில் கேட்டால் கொட்டாவி விடும் மூன்றாம் வகுப்பு, "தகிட தகிட தக" என்று சொல்லிக்கொண்டே எட்டை நிரப்பச் சொன்னபோது மணி அடித்த பிறகும் வெளியே போகவில்லை. பிற்பாடு இதே ஊரில் 1945-இல் பிறந்த காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். தன் ஊர்ப் பெயரோடு ஒருவர் இவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்கிறார் என்பதே சில பையன்களுக்குப் போதுமானதாக இருந்தது. கடத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது நம் மாவட்டத்து மானாமதுரை மண்ணில் உருவாவது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுப் பானையைத் தட்டிப் பார்க்காத குழந்தை அன்று மாலை இருக்காது; உடைந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்து ஒலிபெருக்கி. நம் ஊர் விழாக்களில் அதன் முன்னால் குழந்தையை உட்கார வைப்பதைவிட வீட்டிலேயே விட்டுப் போவது மேல். தம்புராவின் சுருதியும் வயலினின் மெல்லிய இழுப்பும் அங்கே இரைச்சலாகத்தான் வந்து சேரும். குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது வாத்தியத்தின் அருகாமை.

இதை எனக்குக் கற்பித்தது சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு மணிவிழா. மாலைக் கச்சேரிக்கு வந்திருந்த வீணைக் கலைஞர், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் ஒரு தூணோரம் பாயை விரித்துத் தந்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்போது நாலரை வயதாகியிருந்த என் பேத்தி மெல்ல மெல்ல நகர்ந்து வீணையின் குடத்தருகே போய் நின்றுவிட்டாள். அவர் அவளை விரட்டவில்லை. அவளுடைய உள்ளங்கையை எடுத்துக் குடத்தின் மேல் வைத்துவிட்டு, இருப்பதிலேயே தடித்த தந்தியை ஒருமுறை மீட்டினார். சுட்டுவிட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டவள், சற்று யோசித்துவிட்டுத் திரும்பவும் தானே வைத்தாள். "அப்பத்தா, உள்ளே வண்டு இருக்கு" என்றாள். "ஆமா ஆத்தா, பலா மரத்து வண்டு. மெல்ல வாசிச்சாத் தூங்கிப் போயிரும்" என்றார் அவர். பிறகு மெட்டின் (தண்டின் குறுக்கே பதித்த உலோகத் துண்டின்) மேல் தந்தியை இழுத்து, கமகம் என்னும் ஸ்வர அசைவு ஒன்றைக் காட்டினார்; ஒலி வளைந்த பக்கமெல்லாம் அவள் கழுத்தும் வளைந்தது. மெட்டுகளை எண்ணச் சொன்னார். இருபத்து நான்கில் அவள் பத்தொன்பது வரை போய், அதற்கு மேல் எண் தெரியாமல் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். அன்று மாலை, ஒலிபெருக்கியோடு நடந்த கச்சேரியில் அவள் முழு நேரமும் என் மடியில் தூங்கினாள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அவளுடைய கச்சேரி மதியமே முடிந்துவிட்டது.

இதே ஊரின் பெயரால் அறியப்பட்ட வீணைச் சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர் என்பதையும், இளையவரான சாம்பசிவ ஐயர் 1952-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்பதையும் பேத்திக்குப் பிறகு சொன்னேன். விருது அவள் மனத்தில் நிற்கவில்லை. நிமிர்த்திப் பிடித்தது நின்றது. துடைப்பத்தை வைத்து இரண்டு நாள் வாசித்துக்காட்டினாள்.

கோயிலை மறந்துவிடாதீர்கள். குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள். அந்த மல்லாரி கம்பீர நாட்டை ராகம். சம்பந்தர் மூன்று வயதில் பாடியதாகச் சொல்லப்படும் "தோடுடைய செவியன்" பதிகம் நட்டபாடை என்னும் பண்ணில் (பழந்தமிழ் ராகத்தில்) அமைந்தது. இன்று ஓதுவார்கள் அதையும் கம்பீர நாட்டையில்தான் பாடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை பாடிய பாட்டு என்று சொல்லிப் பதிகத்தின் முதல் பாடலை வீட்டில் ஒரு வாரம் பாடிவிட்டு, பிறகு புறப்பாட்டுக்கு அழைத்துப் போனால், "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே" என்று ஒருநாள் குழந்தையே சொல்லும். ராக அறிவு என்று நாம் பெரிதாகச் சொல்வதன் தொடக்கம் இவ்வளவுதான். அங்கே உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லை. மேளத்துக்குப் பின்னால் நடக்கலாம், ஓடலாம், தோளில் ஏறிக்கொள்ளலாம். தவிலுக்கு மட்டும் பத்தடி தள்ளி நில்லுங்கள்.

பாட்டின் மொழி குறித்தும் ஒரு சொல். புரிகிற சொற்களைக் குழந்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது என்பதால், தொடக்கத்தில் தமிழ்ப் பாடல்களே நல்லவை என்பது என் அனுபவம். கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைத்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேடையில் தமிழா, தெலுங்கா என்ற அந்தப் பழைய வாதங்களுக்குள் நான் போகவில்லை, தெலுங்குக் கீர்த்தனைகள் மேல் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் பொருள் முழுவதும் புரியாவிட்டாலும் திருப்புகழின் சந்தம் குழந்தையின் நாக்கில் சறுக்கு விளையாடுவதைப்போல வேறு எதுவும் விளையாடக் கண்டதில்லை. "முத்தைத்தரு" பாடலை வேகமாகச் சொல்லும் போட்டி வைத்துப் பாருங்கள். சொல் வேண்டாம், மெட்டு மட்டும் போதும் என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றன. மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய அந்தச் சிறு பாடல்களில் கமகம் ஏறக்குறைய இல்லாததால், பிஞ்சுக் குரலுக்கு எளிதாகப் படியும். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினையும் போட்டுக் காட்டுங்கள். அவர் மேடையில் செய்த வேடிக்கைகளைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தது உண்டு. என் வகுப்பில் ஒரு குழந்தையும் சுளிக்கவில்லை.

இனிப் பள்ளி. நாங்கள் முதன்முதலில் நடத்திய நிகழ்ச்சி எப்படி நடத்தக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டு. மதியம் இரண்டு மணிக்கு நானூறு பிள்ளைகளை மைதானத்துப் பந்தலில் உட்கார வைத்தோம். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பாட வந்தவர், பாவம், பெரிய சபையில் பாடுவதைப்போலவே பாடினார். பின் வரிசைப் பிள்ளைகள் மண்ணில் பள்ளம் தோண்டினார்கள். பேசியவர்களை நாங்கள் பிரம்பைக் காட்டி அடக்கினோம். மறுநாள், கச்சேரி என்றால் என்ன என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "பேசாம உட்காரணும் டீச்சர்" என்றாள். அந்தப் பிரம்புகளில் ஒன்று என் கையில் இருந்தது.

அதற்கடுத்த ஆண்டு வேறு விதமாகச் செய்தோம். ஒரு வகுப்பு, ஒரு பாடவேளை, ஒரு வாத்தியம். நாற்பது பிள்ளைகள் தரையில் அரை வட்டமாக உட்கார, நடுவில் கலைஞர். ஒலிபெருக்கி இல்லை, உரை இல்லை, பொன்னாடையும் இல்லை. அவர் வாசிக்கப்போகும் ஒரு பாடலை முன்வாரமே பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தோம். தெரிந்த பாட்டு வாத்தியத்திலிருந்து வரும்போது பிள்ளைகள் கூடவே பாடத் தொடங்கினார்கள். நாங்கள் தடுக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. பதினைந்து நிமிட வாசிப்பு, பத்து நிமிடக் கேள்வி, மீதி நேரம் தொட்டுப் பார்க்க. கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கேட்க வைக்காதீர்கள். "இதுக்குள்ள பேட்டரி இருக்கா?" என்பதுதான் உண்மையான கேள்வி.

யாரை அழைப்பது என்று தயங்க வேண்டாம். 1977-இல் டெல்லி ஐஐடியில் பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மேகே அமைப்பு, கலைஞர்களைக் கல்விக்கூடங்களுக்கே அழைத்து வந்து நிகழ்ச்சி நடத்துகிறது. பள்ளி நிர்வாகத்தின் வழியாக அவர்களை அணுகலாம். அதைவிட அருகில் தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், மிருதங்கம் முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. பெரிய பெயர்களைவிட அங்கே பயிலும் மாணவர்களை அழைப்பதையே நான் விரும்புவேன். ஐந்து முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கலை கற்பிக்கும் ஜவகர் சிறுவர் மன்றத்தையும் விசாரித்துப் பாருங்கள்.

வகுப்பில் சேர்ப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். மகளை இப்போது சேர்க்க வேண்டாம். முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்தில் (வேகத்தில்) பாடும் பொறுமை ஏழு வயதுக்கு மேல்தான் பெரும்பாலோருக்கு வருகிறது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் கேட்டிருந்தால் அந்த ஸ்வரங்கள் எங்கே போய்ச் சேரும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். மகனை, அவன் கேட்டால், மிருதங்கத்தில் சேருங்கள். கேட்கும் வரை பொறுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, தவில் பயிலும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தான். வாசித்து முடித்ததும் வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துண்டில் வைத்தான். நாற்பது பிள்ளைகளும் வரிசையில் நின்று, தங்கள் விரலுக்கு இரு மடங்கு பெரிதாக இருந்த அந்தக் கூட்டை மாட்டிக்கொண்டு தவிலை ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். எட்டுப் பேர் வரிசையின் கடைசிக்குத் திரும்பிப் போய் மறுபடியும் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, முந்தைய ஆண்டு என்னிடம் "பேசாம உட்காரணும்" என்று சொன்ன சிறுமியின் தங்கை.