சத்து மாத்திரை போட்டால் வகுப்பில் தூக்கம் வராதா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். வயது 19. செலவுக்காகக் கல்லூரி நூலகத்திலேயே பகுதிநேர வேலை பார்க்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 7 மணிக்குப் போனால் இரவு 11.30 ஆகிவிடும். அதன்பிறகு சாப்பிட்டுப் படுக்க 1 மணி. காலை 6 மணிக்கு எழுந்தாக வேண்டும். நான்கு காபி குடித்தும் வகுப்பில் கண் சொக்குகிறது. படித்தது மனதில் நிற்பதில்லை. நெஞ்செரிச்சலும் இருக்கிறது. ஞாயிறன்று மதியம் வரை தூங்கியும் அசதி போகவில்லை. நல்ல சத்து மாத்திரை ஒன்று சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது 5. எட்டு மணி நேரம் என்று வைத்தால், ஐந்து நாளில் 15 மணி நேரம் பாக்கி விழுகிறது. எந்த மாத்திரையும் இதை அடைக்காது.

படித்தது நிற்காததற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான். ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பாதியிலும், கனவுத் தூக்கம் பிற்பாதியிலும் கூடுதலாக வரும். அலாரம் வைத்து 5 மணி நேரத்தில் எழுந்தால் பிற்பாதி பெரும்பாலும் போய்விடுகிறது. தூக்கத்தை வெட்டிப் படித்தால், படித்ததே பாதி வீண்.

கடைசி காபி எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. வேலையின் நடுவே, 9 மணிவாக்கில் என்றால், அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி அதிகாலை 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி வேண்டாம். ஆனால் நான்கையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மறுநாளே தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைத்து, இரண்டில் நிறுத்துங்கள். நெஞ்செரிச்சலுக்கு காபியோடு, சாப்பிட்டவுடன் படுப்பதும் காரணம். முக்கிய உணவை மாலை 6.30-க்கே முடியுங்கள், வேலை முடிந்து பசித்தால் லேசாக ஏதாவது போதும்.

வேலையை விடச் சொல்லவில்லை. அந்தப் பணத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது வாரம் 22.5 மணி நேரம் ஆகிறது. 20-ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்களுக்குப் படிப்பு அடிபடும். 15-க்குள் இருந்தால் சமாளிக்கலாம். மணிக்கணக்கைக் காட்டிலும் முடியும் நேரம் முக்கியம். மேற்பார்வையாளரிடம் 'வேலை அதிகம்' என்று பொதுவாகச் சொல்லாமல், மாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இரண்டு நாள் மாலை 6 முதல் 9 வரை, சனிக்கிழமை பகலில் 8 மணி நேரம். மொத்தம் 14. தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்பு நாட்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மாற்று ஆள் கிடைக்காது.

ஷிப்ட் மாறும்வரை ஒரு தற்காலிக ஏற்பாடு. மறுநாளுக்கான பை, உடை எல்லாவற்றையும் வேலைக்குப் போகும் முன்பே எடுத்து வையுங்கள். 12 மணிக்குப் படுத்து, 6.45-க்கு எழுங்கள். பிற்பகல் 3 மணியளவில் ஒரு குட்டித் தூக்கம், 20 நிமிடம் மட்டும். நீண்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். பாதியில் எழுந்தால் தலை இன்னும் கனக்கும். கடினமான பாடத்தை வகுப்பு முடிந்த கையோடு 45 நிமிடம் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். நூலக மேசையில் கிடைக்கும் ஓய்வைப் படிப்பு நேரமாகக் கணக்கில் எழுதாதீர்கள்; நிமிடத்துக்கு ஒருவர் வந்து கலைக்கும் இடத்தில் பழையதைத் திருப்பிப் பார்க்கலாம், புதிதாகக் கற்க முடியாது.

ஞாயிறு மதியம் வரை தூங்குவது உடல் கடிகாரத்தைத் தள்ளிவிடும். அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை இன்னும் மோசமாகும். 8 மணிக்கு எழுந்து வெயில் படும்படி கொஞ்சம் நடங்கள். பாக்கித் தூக்கத்தைச் சனி, ஞாயிறு இரவுகளில் சீக்கிரம் படுத்து ஈடுகட்டுங்கள்.

வேலை முடிந்து நீங்களே வண்டி ஓட்டிப் போகிறீர்களா? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும். காலை 6 மணிக்கு எழுந்த உங்களுக்கு 11.30 என்பது அதையும் தாண்டிய நேரம். வண்டியைத் தொடாதீர்கள்.

மூன்று வாரம் சரியாகத் தூங்கியும் அசதி நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் இரும்புச்சத்துக் கையிருப்பு குறைந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, படபடப்பு இருந்தால் மூன்று வாரம்கூடப் பொறுக்க வேண்டாம். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, அழுகை வருகிறது என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.