ஒன்றுவிட்ட நாள் குளிசை

அன்புள்ள அக்கா,

அப்பாவின் இரைப்பையில் வந்த ஜிஸ்ட் என்ற புற்றுநோய்க் கட்டியைக் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். இப்போது அதற்கான இமாட்டினிப் குளிசை 400 மில்லிகிராம், தினமும். காலையில் கண் வீங்குகிறது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது. எங்களுக்குச் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டிருக்கிறார். “கட்டியைத்தான் எடுத்தாச்சே” என்கிறார். கிளினிக்கில் சொல்லவும் பயம். அரைவாசி போதாதா?
— ஒரு மகள், உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

போதாது. இமாட்டினிப் இரத்தத்தில் ஏறக்குறைய 18 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். ஒருநாள் விட்டால், அடுத்த குளிசைக்கு முன் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய்க் கலங்கள் எங்காவது தங்கியிருக்கலாம், குளிசை அவற்றுக்குத்தான். திரும்பிவரும் ஆபத்துக் கூடியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து வருஷம் கட்டி திரும்பாமல் இருந்தவர்கள், ஒரு வருஷம் குளிசை எடுத்தவர்களில் 48 சதவீதம், மூன்று வருஷம் எடுத்தவர்களில் 66.

இந்த அளவை உடல் எடை பார்த்துப் போடுவதில்லை. 400தான் வழமை. தாங்க முடியாவிட்டால் வைத்தியரே சில நாள் நிறுத்தி, 300 ஆக்கிப் பார்ப்பதுண்டு. கட்டியின் கிட் என்ற மரபணுவில், எக்ஸான் 9 என்ற பகுதியில் மாற்றம் இருந்தால், பரவிய நோய்க்கு 800 வரை போவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த 800 கூடுதல் பலன் தரும் என்று நிரூபணமாகவில்லை. வேறு சில மரபணு மாற்றங்கள் உள்ள கட்டிகளில் இந்தக் குளிசை வேலையே செய்யாது. அதனால் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

எங்கள் அம்மாவும் இதே குளிசையில் இருந்தவர். காலையில் திருநீறு பூசக் கண்ணாடி முன் நிற்பார். இரவெல்லாம் அழுதவர் மாதிரி இரண்டு கண்மடலும் ஊதியிருக்கும். வெறும் வயிற்றில் போட்டுவந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்துப் போடச் சொன்னார் ஒரு நேர்ஸ். அப்புறம் நாலு வாய் சோறு, குளிசை, மிச்சச் சோறு என்று பழகிக்கொண்டார். குமட்டல் அடங்கியது. வீக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அதோடு சமாளித்தார்.

அப்பா விட்ட நாட்களைக் கலண்டரில் வட்டமிட்டு, அதையே கிளினிக்குக் கொண்டுபோங்கள். தினமும் 400 எடுக்கிறார் என்று நம்பித்தான் வைத்தியர் ஸ்கானைப் படிக்கிறார். இரவு பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய் அரைக் கதை சொல்லிவிட்டு வரக்கூடாது. அப்பா பயந்தால் நீங்கள் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் தூரமென்றால் நாளைக்கே போன் எடுத்துக் கேளுங்கள்.

விட்டதை ஈடுசெய்ய இரண்டைச் சேர்த்துப் போட விடாதீர்கள். மூச்சு வாங்கினால், மலம் கறுத்தால், ஓரிரு நாளில் உடம்பு ஊதி எடை ஏறினால், கொழும்புத் தேதிக்குக் காத்திருக்காமல் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கே உடனே கூட்டிக்கொண்டு போங்கள், குளிசைப் பெட்டியோடு.