லாண்ட்வேர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர் வரலாறு ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். ஜெர்மன் படைகளைச் சொல்லும் இடங்களில் ‘லாண்ட்வேர்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ‘ஊர்க்காவல் படை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

க.

அன்புள்ள க.,

சரியல்ல. ஊர்க்காவல் படை என்றதும் நமக்குத் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1914-ல் ஜெர்மன் தளபதி வொய்ர்ஷ் தலைமையிலான லாண்ட்வேர் படை போலந்துக் களத்தில் நேரடியாகப் போரிட்டது.

‘லாண்ட்’ நாடு, ‘வேர்’ காப்பு. மிகப் பழைய சொல் இது. 847-ல் பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பேரர்கள் மூவரும் மேர்சன் என்ற ஊரில் கூடிச் செய்த உடன்பாடு லத்தீனில் இருக்கிறது. ஆனால் பகைவர் நாட்டுக்குள் புகுந்தால் மக்கள் அனைவரும் திரண்டு போக வேண்டும் என்னுமிடத்தில் மட்டும் ‘லாண்ட்வெரி’ என்று மக்கள் மொழிச்சொல் வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லில் ஊரே எழுந்து ஓடும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

பிந்திய இடைக்காலத்தில் அதே சொல் எல்லைக்காப்பைக் குறித்தது. அகழி வெட்டி, மண்கரை எழுப்பி, முட்புதரை அடர்த்தியாக வளர்த்துவிடுவார்கள். நம் காவற்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்லினின் லாண்ட்வேர் கால்வாய்க்கு அப்படியொரு பழைய அகழியிலிருந்துதான் பெயர். 1919-ல் புரட்சியாளர் ரோசா லுக்சம்பர்க்கைக் கொன்று உடலை வீசியது அந்தக் கால்வாயில்தான்.

நீங்கள் கேட்கும் படை 1813-ல் பிறந்தது. நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மன் அரசான பிரஷ்யா 42,000 பேருக்குமேல் படை வைக்கக்கூடாது என்று 1808-ல் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ரஷ்யாவில் நெப்போலியன் நொறுங்கியதும், மார்ச் 17 அன்று மன்னர் லாண்ட்வேரை அறிவித்தார். உழவர், கைவினைஞர் எல்லாரும் சேர்ந்தார்கள். பலருக்குத் துப்பாக்கி இல்லை, ஈட்டிதான். ஆகஸ்டில் ஹாகல்பெர்க் என்ற ஊரில் நடந்த சண்டையில் மழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்காமல் போக, கட்டையைத் திருப்பிப் பிடித்து அடித்தே வென்றார்கள்.

1914-க்குள் அது வயதுக்கணக்காகிவிட்டது. இருபது வயதில் இரண்டாண்டுப் படைப்பணி (குதிரைப்படைக்கு மூன்று), 27 வரை ரிசர்வ், 39 வரை லாண்ட்வேர், 45 வரை கடைசி அடுக்கான லாண்ட்ஸ்டுர்ம். அதனால் ‘ரிசர்வ்’ என்றும் மாற்றிவிடாதீர்கள், அது வேறு அடுக்கு.

‘லாண்ட்வேர்’ என்றே எழுதுங்கள். முதலில் வருமிடத்தில் ‘பயிற்சி முடித்து வீடு திரும்பி, முப்பதைத் தொட்ட வயதில் மறுபடி அழைக்கப்பட்டவர்களின் படை’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவர்களில் பலர் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்பது உங்கள் வாசகருக்கு அதிலேயே புரிந்துவிடும்.