ஆய்வுக் குழுவுக்கு அஜைல் ஒத்துவருமா?

கேள்வி: ஏற்காடு காபிச் செடிகளை ஆராயும் சிறிய குழு நாங்கள். மென்பொருள்காரர்கள் போல அஜைல் முறையில் வேலை செய்யலாமா? (ஆய்வு மாணவி, சேலம்)

பதில்: தாராளமாக, ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். வேலையைச் சிறு சிறு துண்டுகளாக முடித்து, அடிக்கடி பார்த்துத் திருத்திக்கொண்டே போவதுதான் அஜைல்; 2001-ல் மென்பொருளுக்காக எழுதப்பட்ட கொள்கை அது. இரண்டு வாரத்தில் ஏதாவது முடித்துக் காட்டு என்கிற ஸ்பிரின்ட் கணக்கெல்லாம், கோடை மழைக்குப் பூத்து எட்டொன்பது மாதம் கழித்துப் பழுக்கிற அராபிகா காபியிடம் செல்லாது. முடிவுக்குக் கெடு வேண்டாம், கையில் இருக்கிற வேலைக்கு வையுங்கள்: இந்த வாரம் எந்தத் தோட்டத்தில் மாதிரி எடுப்பது, எந்தத் தரவைச் சரிபார்ப்பது, இப்படி. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் அஜைல் முறையை ஆய்வு மாணவர்களுக்காக 'ஸ்கோர்' என்று மாற்றியமைத்தார்கள்; வாரத்தில் சில நாள் எல்லோரும் கூடிச் சுருக்கமாக நிலவரம் சொல்வது, ஆழமாகப் பேச வேண்டியதைத் தனிக் கூட்டத்துக்கு விடுவது. சிக்கிக்கொண்ட மாணவர் மாதக்கணக்கில் தனியாகத் தவிக்க வேண்டியதில்லை, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அப்புறம், உங்கள் வழிகாட்டியும் அந்த நிலவரக் கூட்டத்தில் உட்கார்ந்து தன் நிலவரத்தைச் சொல்லட்டும்.