வெட்டிய புல்லை அள்ளுவதா, விடுவதா?

கேள்வி: வீட்டின் முன் ஆயிரம் சதுர அடியில் பெர்முடா புல்தரை போட்டிருக்கிறோம். வெட்டிய புல்லை அள்ளிவிடச் சொல்கிறார் தோட்டக்காரர். அப்படியே கிடந்தால் உரம் என்கிறார் மோவர் (புல்வெட்டும் இயந்திரம்) விற்றவர். எது சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த முறை விற்றவர் பக்கம்தான் நியாயம். வெட்டிய புல்லில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். காய்ந்த எடையில் ஏறக்குறைய 4 சதவீதம் தழைச்சத்து. அள்ளாமல் விட்டால் ஆண்டுத் தேவையில் கால் பங்கு வரை மண்ணுக்கே திரும்பும். ஒரு தடவைக்கு 1 கிலோ யூரியா போட்டுவந்தால் இனி 750 கிராம் போதும்.

ஆனால் விழுவது பொடியாக விழ வேண்டும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். 3 செ.மீ. வைக்க நினைத்தால், 4.5 செ.மீ. வளர்ந்ததும் மோவரை எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஐந்து நாளுக்கொரு முறைகூட வெட்ட வேண்டிவரும். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் புல் மண்டிவிட்டதா? அன்று மோவரில் புல் சேரும் கூடையை மாட்டி, உயரத்தைக் கூட்டிவைத்து வெட்டி அள்ளுங்கள். மூன்று நாள் விட்டு இறக்கி வெட்டலாம்.

கேள்வி: கூடையைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். புல் கட்டிகட்டியாக விழுந்து, அடியில் தரை மஞ்சளாகிறது. ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: சாதாரண பிளேடு காற்றை மேலே இழுத்துப் புல்லைக் கூடைக்குள் தள்ளுவதற்கென வளைத்தது. புல்லை உள்ளேயே சுழலவிட்டு மறுபடி நறுக்க மல்ச்சிங் பிளேடும், பின்வாயை அடைக்கும் மல்ச்சிங் பிளக்கும் வேண்டும். உங்கள் மாடலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். நீளம் மாறினால் பொருந்தாது.

ஈரப் புல் எந்தப் பிளேடிலும் கட்டிதான். பனி காய்ந்த பிறகு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க வைத்து, மெதுவாக நடந்து ஓட்டுங்கள். மோவர் மூடியின் அடியில் அப்பிய புல்லைச் சுரண்டாவிட்டால் உள்ளே சுழல இடமிருக்காது. பெட்ரோல் மோவரென்றால் முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாயுங்கள். இல்லையென்றால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். ஏற்கெனவே விழுந்த கட்டிகளை ஈர்க்குமாறால் கலைத்துவிட்டாலே போதும்.

கேள்வி: கொரியன் புல் மெத்தைபோல மேடு தட்டியிருக்கிறது. அள்ளாததாலா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. அந்த மெத்தை ஓடுதண்டும் வேரும் சேர்ந்தது. அவை மக்க நாளாகும். இலைத்துணுக்கு சில வாரங்களில் மக்கிவிடும். கொரியன் புல்லின் இயல்பே அது, நீங்கள் அள்ளினாலும் வரும். அடுக்கு ஒன்றரை செ.மீ. தாண்டினால், புல் நன்றாக வளரும் பருவத்தில் இரும்பு வாரியால் கிளறி எடுங்கள்.

அள்ளியே தீர வேண்டிய சமயங்களும் உண்டு: களை விதை கட்டியிருந்தால், பூஞ்சணத் திட்டு தெரிந்தால். நோயில்லாத புல்லைக் கம்போஸ்டில் போடும்போது ஒரு கூடைக்கு இரண்டு கூடை சருகு கலக்க வேண்டும், வெறும் பச்சைப் புல் கொழகொழத்து நாறும். 2,4-டி களைக்கொல்லி அடித்த தரையின் புல்லை மட்டும் காய்கறிப் பாத்தியில் மூடாக்காகப் போடாதீர்கள், தக்காளி இலை சுருண்டுவிடும்.